நெம்புகோற் றைபிள்களை இனங்காணல்: ஒரு வரலாற்று நோக்கு

2014ஆம் ஆண்டு நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள கிரேற் பேசின் தேசியப் பூங்காவின் தொல்லியலாளர்கள், யூனிப்பர் மரமொன்றிற் சாய்ந்து நின்ற பழைய துப்பாக்கியொன்றைக் கண்டனர். அதன் மரப்பிடி வெயிலாலும் பனியாலும் வெளிறி வெடித்திருந்தது. அடிப்பகுதி மண்ணுட் புதைந்திருந்தது. பொறிக்கப்பட்டிருந்த தொடரிலக்கத்தைக் கொண்டு பதிவேடுகளை நோக்கியபோது, அது 1882இல் வின்செஸ்ரர் கம்பனி செய்து அனுப்பிய 1873 மாதிரி றைபிள் எனத் தெரியவந்தது. பதிவேடு கூறியது அவ்வளவே. அதனை வாங்கியவர் எவர், மரத்திற் சாய்த்து வைத்தவர் எவர் என்பன அதில் இல்லை. பெயரற்ற அம்மனிதனையும் அவனது கருவியையும் வரலாற்றில் எங்கு வைத்து நோக்குவது என்ற வினாவே இக்கட்டுரைக்கு எம்மைத் தூண்டியது.

நெம்புகோற் றைபிளின் தத்துவம் எளியது. விசையைச் சூழ்ந்துள்ள வளையமே நெம்புகோலாகவும் அமைகின்றது. அதனைக் கீழிறக்கி மேலேற்றினால் வெற்றுத் தோட்டா வெளியே வீசப்பட்டு, குழலின் கீழுள்ள நீண்ட கூட்டிலிருந்து புதிய தோட்டா உட்செல்லும். ஹென்றி என்னும் பொறிவினைஞர் 1860இல் இதற்கு உரிமை பெற்றார்; முதலிட்ட ஒலிவர் வின்செஸ்ரரோ சட்டை உற்பத்தியாற் பொருளீட்டியவர். முதலாளி பெயரே நிலைத்தது என்பதை இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1866 மாதிரி பித்தளை நிறமான உடலையும், பக்கவாட்டில் தோட்டா இடும் வாயிலையும் பெற்றது. 1873இல் உடல் இரும்பாயிற்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 50 டொலராக இருந்த அதன் விலை 1882 அளவில் 25 டொலராக வீழ்ந்தது. அவ்வோராண்டில் மட்டும் 25,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. சாதாரண குடியேறியின் கைக்கு வேட்டைத் துப்பாக்கி எட்டியமைக்குப் பெருந்தொகை உற்பத்தியே காரணமாகும். பின்னர் பிறௌனிங் வடிவமைத்த 1894 மாதிரி, புகையற்ற வெடிமருந்துக்கு ஏற்றதாகி, மான் வேட்டைக்குரிய கருவியாகவே நிலைபெற்றது.

இவற்றைச் சேகரிப்போர் வளர்த்துள்ள இனங்காணும் முறைகள் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியவை. 1873 மாதிரியின் மேலுள்ள தூசுமூடியை எடுத்துக்கொள்வோம். முற்பட்டவற்றில் அது உடலின் இருமருங்கும் வெட்டப்பட்ட பள்ளங்களில் நகர்ந்தது. அடுத்த கட்டத்தில் திருகாணியாற் பொருத்திய நடுத்தண்டின்மேல் நகர்ந்தது. இறுதியில் அத்தண்டு உடலோடு ஒன்றாகவே கடைந்தெடுக்கப்பட்டது. பிடியின் அடிநாக்கிலுள்ள தொடரிலக்கம் ஒரு காலத்தையும் மூடி வேறொரு காலத்தையும் காட்டுமாயின், அது பல துப்பாக்கிகளின் உறுப்புகளால் ஒட்டப்பட்டதோ என ஐயுறவேண்டும். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைத் தேடுவோருக்கு இம்முறை புதிதன்று.

ஆயின் சந்தை வேறொரு நோக்குடையது. அமெரிக்கச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டவற்றையே பழம்பொருளாகக் கொள்வதால், ஓராண்டு வேறுபாடும் விலையை மாற்றுகின்றது. நூறு டொலருக்கு விற்கப்பட்ட 'ஆயிரத்தில் ஒன்று' என்ற சிறப்புவகை, 1873 மாதிரியில் நூற்று முப்பதுக்குச் சற்றே அதிகமாக மட்டும் வெளிவந்தமையாற் பெரும் விலை பெறுகின்றது. போலிகளும் அதனைத் தொடர்ந்தன. ஆதிக்குடியினர் துப்பாக்கிப் பிடிகளிற் பித்தளை ஆணிகளைப் பதித்து அழகுசெய்தனர் என்பதை அறிந்து, பிற்காலத்தில் ஆணியடித்து விற்றவர்களும் உளர். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்னும் தொடரோ கம்பனியின் விளம்பரமேயன்றி ஆய்வு முடிபன்று.

அவ்விளம்பரத்துக்கு எதிரான சான்று மண்ணிலிருந்தே கிடைத்தது. 1876 ஜூன் 25இல், மொன்ரானாவின் லிற்றில் பிக்ஹோர்ண் ஆற்றங்கரையில், கஸ்ரரின் படைப்பிரிவை லக்கோட்டா, செயென் மக்கள் அழித்தனர். 1983இல் ஏற்பட்ட தீ அக்களத்தின் புல்லை எரித்தபின், 1984, 1985ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடைபெற்றது. வெற்றுத் தோட்டாக்களில் ஊசி பதித்த தழும்புகள் நுணுக்குக்காட்டியால் ஒப்பிடப்பட்டன. ஹென்றி றைபிளின் ஊசி தோட்டாவின் விளிம்பில் எதிரெதிரே இரு தழும்புகளை இடும். 1866 மாதிரியும் அவ்வாறே இடுவதால் இரண்டையும் பிரித்தறிதல் கடினம். எனினும் ஒரே துப்பாக்கியின் தோட்டாக்கள் வெவ்வேறிடங்களிற் கிடைத்தமையால், பெயர் தெரியாத வீரனொருவன் களத்தில் நகர்ந்த வழியையே வரைய முடிந்தது. ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடும் ஸ்பிரிங்பீல்ட் துப்பாக்கிகளை இராணுவம் ஏந்தியிருக்க, எதிர்த்தரப்பில் ஹென்றி, வின்செஸ்ரர் றைபிள்கள் பெருமளவில் இருந்தமை புலனாயிற்று. ஆயுதமே வெற்றியைத் தந்தது என நாம் கூறவில்லை. ஆட்தொகையும் நிலத்தோற்றமும் வில்லும் அம்பும் அங்கிருந்தன. ஆனால் போரிட்ட ஆதிக்குடியினரின் வாய்மொழிச் சாட்சியத்தை நீண்டகாலம் நம்பத்தகாததென ஒதுக்கிய அறிஞர்கள், அதனை மீண்டும் படிக்க நேர்ந்தது.

நெவாடாத் துப்பாக்கி வையோமிங்கின் கோடி நகர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டபோது, பிடியின் உட்குழியில் 1887க்கும் 1911க்கும் இடையிற் செய்யப்பட்ட தோட்டாவொன்று காணப்பட்டது. ஆகவே அது செய்யப்பட்டு ஐந்தாண்டுகளேனும் ஒருவரின் கையில் இருந்திருக்கவேண்டும். அருங்காட்சியகத்தார் அதனைப் புதுக்கவில்லை. வெடித்த மரம் மேலும் சிதையாதவாறு உறுதிப்படுத்தி, துருவையும் வெளிறலையும் அவ்வாறே விட்டுத் திருப்பி அனுப்பினர்.