துங்கைக் கரையின் கவி, கங்கைக் கரையின் சீடர்

இயற்கையைப் பாடிய தென்னாட்டுக் கவி ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்போடு பணித்தார்கள். கன்னட மகாகவி குவெம்புவின் பெயர்தான் உடனே நாவில் வந்தது. கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர் மலரில் மலைநாட்டுக் கன்னடருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அவர் மந்திர தீட்சை பெற்றது நம் பேலூர் மடத்தில். அந்த உறவே போதும்.

1967-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம், மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி, கர்நாடகத்தின் மாநிலப் பாடல் ஆகியவை அன்பர்கள் அறிந்தவையே. அவற்றை விரிக்கவில்லை. 1904-இல் பிறந்து தீர்த்தஹள்ளி வட்டத்துக் குப்பளியில் வளர்ந்த புட்டப்பா (குவெம்புவின் இயற்பெயர்), இளமையில் ஆங்கிலத்தில்தான் கவிதை எழுதினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பில் இந்தியா வந்திருந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், ‘உன் தாய்மொழியில் எழுது’ என்று அறிவுறுத்தினார். அயல்நாட்டார் ஒருவர் சொல்லித்தான் நம்மவர் தாய்மொழிக்குத் திரும்பினார் என்பதை நம் வீட்டுப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காடே கோயில்

குவெம்புவின் மலைநாடு நமக்கு அயல் நிலமன்று, குறிஞ்சித் திணையேதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடப்பட்டது அப்பாட்டு என்பது மரபு. வடபுலத்தானுக்குத் தமிழை உணர்த்தப் புலவர் தேர்ந்தெடுத்தது மலைச்சாரலையும் மலர்களையும்! கங்கைச் சமவெளியில் வாழும் நமக்கு இதைவிடப் பெருமை வேறில்லை.

கபிலரின் வழித்தோன்றலாகவே குவெம்புவை நான் காண்கிறேன். துங்கை நதியில் சிப்பலுகுட்டே என்றொரு இடம். அங்கே ஆற்றுக்கும் காட்டுக்கும் மேலே பறவைகள் வரிசையாகப் பறந்து செல்கின்றன. அந்த வரிசையை ஆண்டவன் தன் படைப்பில் இட்ட கையெழுத்தாகக் காண்கிறார் கவி. இதை வெறும் உவமை என்று கடந்துபோவது பிழை. ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரம் அசைவன அனைத்திலும் ஈசன் உறைவதாகச் சொல்கிறது. அந்த மந்திரத்தைப் பறவையின் சிறகில் கண்டவர் குவெம்பு. அவருடைய இயற்கை நேசம் ரசனையன்று, உபாசனை.

1967-இல் வெளிவந்த ‘மலெகளல்லி மதுமகளு’ நாவலிலும் இதே பார்வைதான். அதற்குத் தனி நாயகன் கிடையாது. குத்தி என்னும் ஏழைக் கூலியாளுக்கும், அவனைப் பிரியாத ஹுலியன் என்னும் நாய்க்கும், அட்டை ஊரும் காட்டுப் பாதைக்கும் பெரிய வீட்டு கவுடர்களுக்குக் கிடைக்கும் அதே கவனம் கிடைக்கிறது. துங்கையின் வெள்ளம் ஹுலியனை அடித்துச் செல்லும் பகுதியைக் கண் கலங்காமல் படிக்க முடியாது.

பேலூர் தந்த கண்

மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்தில் தங்கிப் படித்த குவெம்பு, 1929-இல் சுவாமி சித்தேஸ்வரானந்தருடன் கல்கத்தா வந்தார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடரும் அன்றைய மடத் தலைவருமான சுவாமி சிவானந்தர் அவருக்கு தீட்சை அளித்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே நம் பாரதியும் இந்த மண்ணில்தான் நிவேதிதா தேவியைத் தரிசித்துக் குருவாக ஏற்றார். தெற்கின் இரு பெருங்கவிகளுக்கு ஞானம் தந்த மண் இது. ஆறறிவுக்கும் ஐந்தறிவுக்கும் ஒரே உயிர் என்ற தெளிவை இருவரிடமும் காண்கிறோம்.

பரமஹம்சர், விவேகானந்தர் இருவரின் வரலாறுகளையும் கன்னடத்தில் எழுதி அவர் குருதட்சிணை செலுத்தினார். ‘ஸ்ரீராமாயண தர்சனம்’ காவியத்தில் சீதையோடு ராமனும் தீயில் இறங்குகிறான். உயிரனைத்திலும் இறைவனைக் காண்பவர் சீதையை மட்டும் தனியே நெருப்பில் நிறுத்துவாரா?

இந்தக் கண்ணை நம் பிள்ளைகளுக்கும் தரலாம். நம் பகுதிக்கு அருகிலேயே ரவீந்திர சரோவர் இருக்கிறது. பிள்ளைகளைக் காலையில் அங்கே அழைத்துச் சென்று நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பூஜை மாலைகளைப் பிளாஸ்டிக் பையோடு அந்த நீரில் எறியாதீர்கள். பேலூர் மடத்துக்குப் போகும்போது, கன்னடத்தின் மகாகவி இங்கே சீடராக வணங்கி நின்றார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.