சீமைப் பொன்னாங்கண்ணி

கோவையின் எந்தக் காய்கறிச் சந்தையிலும் சிவப்புப் பொன்னாங்கண்ணி கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கல்லூரிப் புல்வெளிகளின் ஓரத்தில் கத்தரித்து வரிசையாக நிற்பதும், கட்டடத்தின் முன்னால் நிறுவனத்தின் பெயரை எழுதிக் காட்டுவதும் பெரும்பாலும் அதே செடிதான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் நம்புவதில்லை. அழகுச்செடி வேறு, கீரை வேறு என்றே நாம் பழகியிருக்கிறோம்.

இதன் தாயகம் தென்னமெரிக்கா. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய எடுவார்ட் ரீகல் 1862இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அது ‘ஆல்டர்னாந்திரா பெட்சிக்கியானா’. பெட்சிக் என்பவரின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், குட்டைச் செடிகளைக் கம்பளம்போல் நட்டு வடிவங்கள் அமைக்கும் பாணி பரவியது. எத்தனை முறை வெட்டினாலும் தழைக்கும் இந்தச் சிவப்பு இலைக்கு அப்போது மவுசு கூடியது. வெப்ப நாடுகளின் தோட்டங்களுக்கும் பாத்தி ஓரச் செடியாக வந்து சேர்ந்தது.

நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பொன்னாங்கண்ணி உண்டு. பச்சை இலையும் கணுவில் ஒட்டிய வெள்ளைப் பூவுமாக வாய்க்கால் வரப்பில் தானாக முளைப்பது. மேனி பொன்னாகும், கண்ணுக்கு நல்லது என்று சித்த மருத்துவமும் வீட்டுப் பேச்சும் அதைக் கொண்டாடின. அந்தக் கணுவையும் பூவையும் அறிந்த கண்தான் பங்களாப் பாத்தியில் நின்ற சிவப்புச் செடியிடம் சொந்தத்தைக் கண்டிருக்க வேண்டும். முன்னே ‘சீமை’ என்று சேர்த்து, பருப்போடு கடைந்து, அடுப்படி அதைக் கீரையாக்கிக்கொண்டது. தாவரவியலும் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருக்கிறது. பெட்சிக்குக்குச் செடியின் பெயரில் இடம் கிடைத்தது. முதலில் சுவைத்துப் பார்த்தவளுக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இதே செடி களையாகவும் மாறும். ஒடித்துப் போட்ட தண்டு ஈரம் பட்டால் கணுவுக்குக் கணு வேர்விடும். தோட்டம் தாண்டிச் சாக்கடையோரத்திலும் வாய்க்காலிலும் படரும். தென்னிந்தியக் களைகளுக்கென்று 1932இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட கையேட்டை எழுதியவர்கள் கோவை வேளாண் கல்லூரியின் தாவரவியலாளர்கள். எது களை என்று எழுதியவர்கள் அவர்கள். வயலில் தீர்மானிப்பவர் நிலத்துக்காரர். வெட்டும் களைக்கொத்து இருப்பதோ பெண்ணாளின் கையில்.

கொங்கு நாட்டில் களையெடுப்பு பெண்களின் வேலை. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தும் ஆணாள் கூலி, பெண்ணாள் கூலி என்ற இரண்டு கணக்கு போகவில்லை. அந்தக் குறைகூலிக்கு மேல் கொஞ்சம் சேர்ந்தது மடியில் கட்டிவந்த கீரைதான்: பொன்னாங்கண்ணி, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. களைக்கொல்லி வந்தபின் மடிக்கீரை போயிற்று. களையெடுப்பு நாட்களும் குறைந்தன. மருந்துத் தெளிப்பான் பெரும்பாலும் ஆண்களின் தோளில் ஏறியது. வயலில் பறித்த கீரையைப் பெண்கள் இப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பழங்காலத்தைப் போற்றிப் பாட எனக்கு விருப்பமில்லை. நாளெல்லாம் குனிந்த முதுகின் வலிக்கு ஒரு பிடி கீரை ஈடாகாது. இன்னொன்றும் உண்டு: கழிவுநீர் பாயும் மண்ணில் இச்செடி காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நொய்யலோரம் செழித்து நிற்பதையெல்லாம் அடுப்பில் ஏற்றிவிட முடியாது. அதனால் சந்தையில் நானும் கேட்கிறேன்: “இது எந்தத் தண்ணில வெளஞ்சதுங்கக்கா?”

ஆற்றைக் கெடுத்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவளாக நிற்பது கீரைக்காரம்மா.