'குட் கேம் மாப்ள!' - ஆன்லைன் கேம்ல தோத்தாலும் கெத்தா இருப்பது எப்படி?

"டேய்... ரிவைவ் பண்ணுடா! கவர் குடுடா! உன்னாலதான்டா செத்தோம்!"

மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு மொட்டை மாடியிலிருந்து இந்தக் குரல் கேட்கும். சண்டையோனு பதறிடாதீங்க. நாலு பேர் நாலு வீட்டு மாடியில் உட்கார்ந்து பி.ஜி.எம்.ஐ ஆடிக்கிட்டிருப்பாங்க.

திருமங்கலத்தில் இருக்கும் என் சித்தி பையனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். பிளஸ் டூ படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பனோடுதான் எப்பவும் டியோ ஆடுவான். போன வருஷம் ஒருநாள், க்ரவுனிலிருந்து ஏஸுக்குப் போக ஒரே ஒரு மேட்ச் பாக்கி. கடைசி சர்க்கிளில் நண்பன் அவசரப்பட்டுச் சுட்டு, இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்துட்டான். மேட்ச் காலி. அதுக்கப்புறம் மைக்கில் இவன் பேசிய பேச்சில் நண்பனோட அம்மா, அப்பா வரைக்கும் வந்துட்டாங்க. அடுத்த மூணு மாசம் ஒரே பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒரு கேமுக்காகவாடா?" என்று கேட்டேன். "போக்கா, நீ கேம் ஆடுனதில்ல. உனக்குப் புரியாது" என்றான்.

சரி, புரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன். கேமில் ஏன் இவ்வளவு கோபம் வருது, அதை எப்படிச் சமாளிக்கிறது, நம்ம ஊர் சாம்பியன்கள் இதே சூழ்நிலையில் என்ன செஞ்சாங்க? பார்ப்போம்.

'டில்ட்' ஆவது ஏன்?

தொடர்ந்து தோற்றுக் கோபத்தில் தப்புத் தப்பாக ஆடுவதை கேமர்கள் 'டில்ட் ஆயிட்டேன்' என்று சொல்வார்கள். இந்த வார்த்தை பழைய பின்பால் மெஷினிலிருந்து வந்தது. பந்து நாம் நினைத்த பக்கம் போகவில்லை என்று மெஷினைப் பிடித்து உலுக்கினால், 'டில்ட்' என்று விளக்கு எரிந்து மெஷின் ஸ்தம்பித்துவிடும். அந்தப் பந்தும் போச்சு. அங்கிருந்து போக்கர் மேஜைக்குப் போய், இப்போது நம்ம மொபைலுக்கு வந்திருக்கிறது. மெஷினுக்கு நடப்பதுதான் நமக்கும். கோபம் ஏறினால் கை வேலை செய்யும், மூளை நின்றுவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. எதிரில் இருப்பவர் முகம் நமக்குத் தெரியாது. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். நம்மை யாருக்கும் தெரியாது, நாமும் யாரையும் பார்க்கவில்லை, பேசியதற்கு எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறியது என்பதும் தெரியாது. இதெல்லாம் சேரும்போது, நேரில் பேசவே கூசுகிற வார்த்தைகள் ஆன்லைனில் சரளமாக வந்துவிடும் என்கிறார் அவர்.

யோசித்துப் பாருங்கள். கிரவுண்டில் கேட்ச் விட்டவனிடம், அவன் அம்மாவை இழுத்துப் பேசுவோமா? பேசினால் சாயங்காலம் வீட்டுக்கு ஒழுங்கா வர முடியுமா? மைக்கில் மட்டும் அந்தத் தைரியம் எங்கிருந்து வருது?

ஒரே வாரம், ரெண்டு பாடம்

2021 ஜூன் மாதம். தமிழ்நாட்டு கேமர்கள் மறக்க முடியாத வாரம் அது.

2020 செப்டம்பரிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட பப்ஜியை லைவில் ஆடிக்கொண்டே, கெட்ட வார்த்தை பேசுவதையே தன் அடையாளமாக்கியவர் யூடியூபர் மதன். அவர் நடத்திய ஒரு சேனலின் பெயரிலேயே 'டாக்சிக்' இருந்தது. பார்த்தவர்களில் ஸ்கூல் பசங்கதான் ஏராளம். பெண்களை ஆபாசமாகப் பேசியதாகப் புகார்கள் குவிய, ஜூன் 18 அன்று தர்மபுரியில் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். 'கேம்ல பேசுறதெல்லாம் கேமோட போச்சு' என்று நினைத்திருந்த பலருக்கும் அன்றைக்குத்தான், அது வழக்கு வரை போகும் என்று உறைத்தது.

அதற்கு அஞ்சு நாள் முன்பு, ஜூன் 13. கொரோனா நிவாரண நிதிக்காக ஆன்லைனில் ஒரு செஸ் நிகழ்ச்சி. அஞ்சு முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்தோடு பிரபலங்கள் பலர் ஆடினார்கள். அதில் தொழிலதிபர் நிகில் காமத் ஆனந்தையே ஜெயித்துவிட்டார். எப்படி என்று எல்லோரும் புருவத்தைத் தூக்க, கம்ப்யூட்டர் உதவியும் மற்றவர்கள் உதவியும் இருந்ததாக மறுநாள் காமத்தே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஆனந்த் என்ன செய்தார்? திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. போர்டில் இருந்த நிலைக்கேற்ப நான் ஆடினேன், எல்லோரிடமும் அதையேதான் எதிர்பார்த்தேன் என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு ட்வீட். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் இழுக்கவில்லை.

ஒரே வாரம், ரெண்டுமே ஆன்லைன் கேம். ஒருத்தர் பெயர் எப்.ஐ.ஆரில் இருந்தது. இன்னொருத்தர், தோற்ற பிறகும் மரியாதையோடு எழுந்து போனார்.

நெட் கட்டானால் யார் மேல கோபப்படுறது?

கேமரின் பரம எதிரி எனிமி இல்லை, பிங். நாம் சுடும் நேரம் பார்த்து 'ரீகனெக்டிங்' என்று சுத்தும்போது வருகிற ஆத்திரம் இருக்கே... போனைத் தூக்கி எறிஞ்ச ஆட்கள் எல்லாம் இருக்காங்க.

இதே சோதனை உலக அளவில் நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா காரணமாக செஸ் ஒலிம்பியாட் ஆன்லைனில் நடந்தது. காலிறுதியில் இந்தியாவோடு ஆடும்போது அர்மீனிய வீரர் ஒருவருக்கு இணைப்பு போய், டைம் முடிந்து தோற்றார். அர்மீனியா அப்பீல் செய்தது, நிராகரிக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்து அந்த அணி போட்டியிலிருந்தே விலகியது.

ரெண்டே நாளில் கதை திரும்பியது. ஆகஸ்ட் 30, ரஷ்யாவோடு பைனல். இந்தியாவின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ரெண்டு பேருக்கும் இணைப்பு போய், டைமில் தோற்றார்கள். இப்போது இந்தியா அப்பீல் செய்தது. கடைசியில் உலக செஸ் கூட்டமைப்பின் தலைவர் இந்தியா, ரஷ்யா ரெண்டு அணிக்குமே தங்கம் என்று அறிவித்தார். ஆனந்த், பிரக்ஞானந்தா எல்லாம் இருந்த அணி அது.

இதில் நமக்கு என்ன இருக்கு? நெட் இன்னைக்கு அவனுக்குப் போகும், நாளைக்கு நமக்குப் போகும். எதிராளிக்குக் கட்டானால் 'பயந்து ஓடிட்டான்' என்றும், நமக்குக் கட்டானால் 'நெட் போச்சு ப்ரோ' என்றும் சொல்வது நியாயம் இல்லைதானே? உடனே அவன் வேணும்னே பண்ணினான் என்று முடிவு கட்டாமல், ஒரு நிமிஷம் சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள்.

தோற்ற பிறகுதான் ஆட்டமே இருக்கு

2022 பிப்ரவரி. ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் ரேபிட் செஸ் போட்டி. சென்னையின் பிரக்ஞானந்தாவுக்கு அப்போது 16 வயசு. ஆடிய ஏழு கேமில் ஒரே ஒரு வெற்றி, ரெண்டு டிரா, நாலு தோல்வி. எட்டாவது ரவுண்டில் எதிரில் மேக்னஸ் கார்ல்சன். நாமாக இருந்தால் அந்த ஏழு கேமிலேயே டில்ட் ஆகி லாக்-அவுட் பண்ணியிருப்போம். அவர் கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தலில் கார்ல்சனை வீழ்த்தினார். நம்ம நேரத்துக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. எப்படிக் கொண்டாடப் போறீங்க என்று கேட்டதற்கு, தூங்கப் போறேன் என்பதுதான் அவர் பதில்.

தோல்வியை அடுத்த கேமுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வெற்றியில் தலைகால் தெரியாமல் ஆடவும் இல்லை. ரெண்டும் ஒரே குணம்தான்.

அதற்காக, பெரிய ஆட்களுக்குக் கோபமே வராது என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 1, நார்வே செஸ் போட்டி. இது ஆன்லைன் இல்லை, நேருக்கு நேர். ஜெயிக்கும் நிலையில் இருந்து குகேஷிடம் தோற்ற கார்ல்சன், மேஜையில் ஓங்கிக் குத்த, காய்கள் சிதறின. அந்த வீடியோவைப் பார்க்காத ஆளே இருக்க மாட்டீங்க. ஆனால் பலரும் கவனிக்காதது அடுத்த சில நொடிகள். கார்ல்சன் அங்கேயே குகேஷிடம் மன்னிப்புக் கேட்டார், போகும்போது முதுகில் தட்டிக் கொடுத்தார். குகேஷும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நானும் மேஜையைத் தட்டியிருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கடந்துபோனார்.

கோபம் வருவது தப்பில்லை. வந்த பிறகு அடுத்த நொடி என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

வாடிவாசல் சொல்லும் ரூல்

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று நினைத்தால், நம்ம ஊருக்கே வாங்க. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, திமிலைத்தான் அணையணும், அதுவும் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். ரூலை மீறினால் வெளியே. பிடிபடாமல் போனால் மைக்கில் கூச்சமே இல்லாமல் அறிவிப்பார்கள்: "மாடு வெற்றி! மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கப்பா!" தோற்ற வீரரும் நின்று அந்த மாட்டை மலைத்துப் பார்ப்பார். 'மாடு ஹேக் பண்ணிருச்சு' என்று யாரும் சொல்வதில்லை!

எதிராளி நல்லா ஆடினால் அதை ஒப்புக்கொள்வது நமக்குப் புதுசு இல்லை. மொபைல் கைக்கு வந்ததும் மறந்துட்டோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இன்னைக்கே ட்ரை பண்ணலாம்

* ரெண்டு தோல்வி, ஒரு பிரேக்: தொடர்ந்து ரெண்டு மேட்ச் தோற்றால் போனைக் கீழே வையுங்கள். தண்ணி குடிங்க, மாடியில் ஒரு ரவுண்டு நடங்க. 'இன்னும் ஒரே ஒரு மேட்ச்' என்று ஆடுவதில்தான் ரேங்க் இன்னும் இறங்கும்.

* தகவல் சொல்லுங்க, தீர்ப்பு சொல்லாதீங்க: "லெஃப்ட்ல ரெண்டு பேர்" என்பது தகவல். "கண்ணு தெரியலையாடா?" என்பது தீர்ப்பு. முதலாவது டீமைக் காப்பாத்தும், ரெண்டாவது டீமை உடைக்கும்.

* நம்ம தப்பு ஒண்ணு: ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் 'நான் வேற மாதிரி ஆடியிருக்கலாம்' என்ற இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். டீம்மேட் தப்பை நம்மால் திருத்த முடியாது. நம்ம தப்பைத் திருத்தலாம்.

* ஹேக்கர் என்று கத்தாதீங்க: சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட் பட்டன் இருக்கு. தட்டிவிட்டு அடுத்த மேட்சுக்குப் போங்க. நீங்களும் குறுக்கு வழி ஆப் எதையும் தொடாதீங்க. ஐ.டி பேன் ஆனால் வருஷக்கணக்கான உழைப்பு போச்சு.

* பாதியில் ஓடாதீங்க: தோற்கப்போகிறோம் என்று வெளியேறினால், மீதி மூணு பேர் நம்ம பாரத்தையும் சேர்த்துச் சுமக்கணும்.

* போனையும் கொஞ்சம் கவனிங்க: நம்ம ஊர் சித்திரை வெயிலில், சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் போன் சூடாகி ஸ்லோ ஆகும். பாதி லேக் அதனாலதான். அந்தக் கோபத்தை டீம்மேட் மேல் காட்டாதீங்க.

* ஜெயிச்சாலும் அடக்கம்: செத்தவன் பெட்டி மேல் உட்கார்ந்து எழுந்து கடுப்பேத்துவது வேண்டாமே. ஒரு 'குட் கேம்' போதும்.

* புதுசா வந்தவங்களை விரட்டாதீங்க: நாமும் ஒருநாள் பாராசூட்டில் குதிக்கத் தெரியாமல் முழிச்சவங்கதான்.

எல்லை மீறினால்?

பாசிட்டிவா இருக்கணும் என்றால், எல்லாத்தையும் சகிச்சுக்கணும் என்று அர்த்தம் இல்லை. மைக்கில் பெண் குரல் கேட்டாலே தொல்லை ஆரம்பித்துவிடும் என்பதால், மைக்கை ஆன் பண்ணாமலே ஆடுகிற தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் டீம்மேட்களுக்கும்: முதல் வார்த்தையிலேயே மியூட், பிளாக், ரிப்போர்ட். பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். கூட ஆடும் பசங்க "அப்படிப் பேசாத ப்ரோ" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதி பேர் அடங்கிவிடுவார்கள். சும்மா இருப்பதும் ஒரு வகையில் அவனுக்கு சப்போர்ட்தான்.

மிரட்டல், ஆபாசப் பேச்சு, போட்டோ கேட்பது என்று போனால், ஸ்க்ரீன்ஷாட், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து வைத்துக்கொண்டு மத்திய அரசின் தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் ஏமாந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பெண்களுக்கு 181, சிறுவர்களுக்கு 1098 உதவி எண்கள் இருக்கு. வீட்டிலும் சொல்லுங்க. 'போனைப் பிடுங்கிடுவாங்க' என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். பெற்றோர்களே, சொன்ன பிள்ளையிடமிருந்து முதல் வேலையாகப் போனைப் பிடுங்காதீங்க!

2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்திருக்கிறது. விளையாட்டு என்று ஆன பிறகு, ஆடுபவர்களும் விளையாட்டு வீரர்கள்தானே. அந்த மரியாதையை நாமதான் காப்பாத்திக்கணும்.

அப்புறம் என்னாச்சு?

என் தம்பி கதைக்கு வருவோம். அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்னைக்கு, அவன்தான் முதலில் மெசேஜ் போட்டான். "தப்பா பேசிட்டேன் மாப்ள. சாரி. ஒரு மேட்ச்?" பதில் வர ஒரு மணி நேரம் ஆனதாம். அந்த ஒரு மணி நேரம் எந்த கடைசி சர்க்கிளை விடவும் டென்ஷன் என்றான்.

அன்னைக்கு ஆடினார்கள். மறுபடியும் நண்பன்தான் சொதப்பினானாம். ஏஸ் இன்னும் வரவில்லை.

"அப்புறம் என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது... 'விட்றா மாப்ள, அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்'னேன்."