கழுவேலிச் சேறும் தணிகைமணியின் கண்ணாடித் தகடுகளும்

உயிரியல் நிறுவனங்களில் ‘கோர் ஃபெசிலிட்டி’ன்னு ஒன்று இருக்கும். தனி ஆய்வாளர் வாங்க முடியாத எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதிரியான கருவிகளைப் பொதுவில் வைத்து, பார்த்துக்க ஆள் போட்டு, எல்லாருக்கும் திறந்துவிடுவது. 1970-களில் சென்னை ஐஐடியில் வந்த வட்டாரக் கருவி மையமும், 2009-இல் பெங்களூரில் வந்த சி-கேம்ப்பும் இந்த ரகம். எனக்குப் பிடித்த கதையில் பெரிய கருவியே கிடையாது.

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலியை எடுத்துக்கோங்க. இந்த மாதிரி ஏரிச் சேற்றில் குழாயை இறக்கி மண்ணை எடுத்தால், அடுக்கடுக்காகப் பழைய மகரந்தம் கிடைக்கலாம். மகரந்தத்தின் மேலோடு லேசில் மக்காது. கண்டல் மரங்களின் மகரந்தம் நிறைய இருந்தால், ஒரு காலத்தில் அங்கே உவர்நீர் புழங்கியிருக்கலாம். ஆனா நுண்ணோக்கியில் தெரிகிற துகள் எந்த மரத்துடையதுன்னு யார் சொல்றது? பெயர் தெரிந்த மரத்தின் மகரந்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்டு.

அந்த ஒப்பீட்டுச் சேகரிப்பு ரொம்ப தூரத்தில் இல்லை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கிறது. (சமஸ்கிருத, தமிழ்ச் சுவடிகளும் தாவரவியலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் விசித்திரமான இடம் அது!) அங்கே உலர்தாவரச் சேகரிப்பும் உண்டு. இந்த மாதிரி உலர்ந்த பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து, அமிலக் கலவையில் சூடுபடுத்தினால் உள்ளிருப்பதெல்லாம் கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, செடியின் பெயரை ஒட்டி அடுக்க வேண்டும். அங்கே அப்படிச் சேர்ந்த தகடுகள் 20,000-க்கு மேல். சலிப்பூட்டும் வேலை. இதை வைத்து வேறொருவர் கட்டுரை எழுதுவார். தகடு செய்தவருக்குக் கடைசியில் ஒரு நன்றி வரி கிடைத்தால் பெரிசு.

இந்த ஆய்வகத்தை நடத்தியவர்களில் ஒருவர் கணபதி தணிகைமணி, 1938-இல் பிறந்தவர். புதுச்சேரிக்கு வர முடியாதவர்களையும் அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். எந்தச் செடியின் மகரந்தம் எந்தக் கட்டுரையில் விவரிக்கப்பட்டிருக்கிறது என்று தேடித் தொகுத்து, 1972 முதல் பகுதி பகுதியாக ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். இணையம் இல்லாத காலம். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதைப் புரட்டித் தேடலாம். என்னைக் கேட்டால், பொது வசதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1986 செப்டம்பர் 5. பம்பாயிலிருந்து கிளம்பிய பான் ஆம் 73 விமானம் கராச்சியில் கடத்தப்பட்டது. அதில் கொல்லப்பட்டவர்களில் தணிகைமணியும் ஒருவர். வயது 48. கண்டல் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டு, 1987-இல், யுனெஸ்கோ திட்டத்தின் வழியாக வெளியானது. உப்பங்கழிச் சேற்றில் மகரந்தம் தேடுகிறவர்கள் இன்னமும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். புதுச்சேரித் தகடுகளுக்கு இப்போது அவர் பெயர்தான்.