பாலம் இடிந்தால் பொறுப்பு யாருக்கு? சட்டமும் நடைமுறையும்: ஒரு விளக்கம்

நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் பாலம் இடிந்து விழுந்தால், அதன் பின் நடப்பவை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்படுகிறது; விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது; சில பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகின்றனர்; ஒப்பந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பப்படுகிறது. விசாரணையில் தெரிய வந்தது என்ன, தண்டிக்கப்பட்டவர் யார் என்பவை பெரும்பாலும் பொதுவெளிக்கு வருவதில்லை. அடுத்த விபத்து நிகழும்போது பொதுமக்கள் கொள்ளும் ஆத்திரத்துக்கு இதுவே முக்கியக் காரணம்.

பாலத்தைக் கட்டியவர், மேற்பார்வையிட்டவர், பராமரித்தவர், போக்குவரத்துக்குத் திறக்க அனுமதித்தவர் ஆகியோரில் பொறுப்பு யாருக்கு என்பதைக் கடந்த 10 ஆண்டுகளில் நிகழ்ந்த சில விபத்துகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

மோர்பி: முதலில் கைதானவர்கள்

குஜராத் மாநிலம் மோர்பியில் மச்சு ஆற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட தொங்கு பாலம், 2022 அக்டோபர் 30 மாலை அறுந்து விழுந்ததில் 135 பேர் உயிரிழந்தனர். சீரமைப்புக்காகப் பல மாதங்கள் மூடப்பட்டிருந்த அப்பாலம், விபத்துக்கு நான்கு நாள்களுக்கு முன்னர், குஜராத்தி புத்தாண்டு தினத்தன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது.

பாலத்தைப் பராமரித்து இயக்கும் பொறுப்பை, கடிகாரத் தயாரிப்பில் பெயர் பெற்ற ஒரேவா குழுமத்திடம் 15 ஆண்டுகளுக்கு மோர்பி நகராட்சி ஒப்படைத்திருந்தது. பாலத்தைத் திறப்பதற்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்படவில்லை என்று நகராட்சி அதிகாரி விபத்துக்குப் பின்னர் தெரிவித்தார்.

மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் அறிக்கை, பிரதான வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்ததையும், அவை விபத்துக்கு முன்னரே அறுந்திருக்கக்கூடும் என்பதையும் பதிவு செய்தது. மரப்பலகைகளுக்குப் பதிலாக அலுமினியத் தளம் பொருத்தப்பட்டதும், பழைய தொங்கு கம்பிகளுடன் புதியவை பற்றவைக்கப்பட்டதும் குறைபாடுகளாகச் சுட்டிக்காட்டப்பட்டன. திறப்பதற்கு முன் சுமை சோதனை நடத்தப்படவில்லை.

விபத்துக்கு மறுநாள் 9 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் இருவர் மேலாளர்கள், இருவர் சீரமைப்புப் பணி ஒப்பந்ததாரர்கள். மற்ற ஐவரில் இருவர் நுழைவுச்சீட்டு வழங்கிய எழுத்தர்கள், மூவர் காவலாளிகள். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நீதிமன்றத்தில் சரணடைந்தது மூன்று மாதங்களுக்குப் பின்னர், 2023 ஜனவரி இறுதியில்தான். 2024 மார்ச் மாதம் அவருக்கு ஜாமீன் கிடைத்தது.

தாமாக முன்வந்து வழக்கை விசாரித்த குஜராத் உயர்நீதிமன்றம், ஒப்பந்தப்புள்ளி கோராமல் பணி வழங்கப்பட்டது ஏன் என்றும், இத்தகைய முக்கியப் பணிக்கான ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது எப்படி என்றும் கேள்வி எழுப்பியது. உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் நிறுவனம் ரூ.10 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மோர்பி நகராட்சியை மாநில அரசு கலைத்தது.

கொல்கத்தா, பிகார், ஒடிசா

கொல்கத்தாவில் கட்டப்பட்டு வந்த விவேகானந்தா சாலை மேம்பாலத்தின் ஒரு பகுதி 2016 மார்ச் 31 அன்று இடிந்து விழுந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2009-இல் பணி தொடங்கிப் பல காலக்கெடுகளைக் கடந்திருந்த திட்டம் அது. இடிந்தது கடவுளின் செயல் என்று ஒப்பந்த நிறுவன அதிகாரி ஒருவர் கூறியது நாடு முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது. எஞ்சிய பகுதியை அகற்றும் பணி 2021-இல்தான் தொடங்கியது.

பிகாரில் கங்கையின் குறுக்கே அகுவானி காட் - சுல்தான்கஞ்ச் இடையே ரூ.1,710 கோடியில் கட்டப்பட்டு வந்த பாலம் 2022 ஏப்ரல், 2023 ஜூன், 2024 ஆகஸ்ட் என மூன்று முறை பகுதி பகுதியாக இடிந்தது. இதனிடையே 2024 ஜூன், ஜூலை மாதங்களில் அம்மாநிலத்தில் சில வாரங்களுக்குள் 10-க்கும் மேற்பட்ட சிறிய பாலங்கள் சரிந்தன. ஆறுகளைத் தூர்வாரியபோது பாலங்களின் பாதுகாப்பைப் பொறியாளர்கள் கவனிக்கவில்லை என்று கூறி, 10-க்கும் மேற்பட்டோரை மாநில அரசு பணியிடை நீக்கம் செய்தது. பாலங்களின் கட்டமைப்பை முழுமையாகத் தணிக்கை செய்யக் கோரிய பொதுநல மனுவை உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் பாட்னா உயர்நீதிமன்றத்துக்கு மாற்றியது.

ஒப்பந்த நிறுவனத்தைக் கருப்புப் பட்டியலில் சேர்ப்பது எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு ஒடிசா வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. புவனேசுவரத்தில் 2017 செப்டம்பரில் கட்டுமானத்தில் இருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஒருவர் உயிரிழந்தார். 11 பேர் காயமடைந்தனர். நிறுவனத்துக்கு மாநில அரசு விதித்த நிரந்தரத் தடையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீட்டில், நடவடிக்கை சரியே என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், நிரந்தரத் தடை மிகக் கடுமையானது எனக் கூறி அதை 5 ஆண்டுகளாகக் குறைத்தது.

சட்டம் என்ன கூறுகிறது?

கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின் கீழ் அதிகபட்சம் 2 ஆண்டு சிறைத் தண்டனை மட்டுமே விதிக்க முடிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு இதை 5 ஆண்டுகளாக உயர்த்தியுள்ளது. உயிரிழப்பு நேரக்கூடும் என்று அறிந்தே செயல்பட்டது நிரூபணமானால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்காக 105-ஆவது பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை தண்டனை விதிக்க இயலும்.

இந்த இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஆபத்து முன்கூட்டியே தெரியுமா என்ற கேள்வியில் அடங்கியுள்ளது. முறையாக ஆய்வு நடத்தி, குறைபாட்டைப் பதிவு செய்த பிறகும் பாலத்தை மூடாத அதிகாரிக்கு எதிராக எழுத்துப்பூர்வ ஆதாரம் இருக்கும். ஆய்வையே நடத்தாதவர், ஆபத்து தமக்குத் தெரியாது என்று வாதிடலாம். ஆய்வைத் தவிர்ப்பதே பாதுகாப்பு என்ற நிலை இதனால் உருவாகிறது.

பணி நிமித்தமான செயல்களுக்காக அரசு ஊழியர்கள் மீது வழக்குத் தொடர, சட்டம் குறிப்பிடும் நேர்வுகளில் அரசின் முன் அனுமதி தேவை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவின்படி 120 நாள்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். இது முந்தைய சட்டத்தில் இல்லாத காலவரம்பு.

பாலங்களை எவ்வாறு ஆய்வு செய்ய வேண்டும், சுமை சோதனையை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இந்திய சாலைகள் காங்கிரஸ் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. எனினும், அவை தொழில்நுட்ப வழிகாட்டுதல்களே தவிர, மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் அல்ல.

ரயில் பாதைக்கு உண்டு. சாலைப் பாலத்துக்கு இல்லை

புதிய ரயில் பாதையையோ மெட்ரோ வழித்தடத்தையோ ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் ஒப்புதலும் இன்றிப் பயணிகள் போக்குவரத்துக்குத் திறக்க முடியாது. பெரிய ரயில் விபத்துகளைச் சட்டப்படி விசாரிப்பதும் அந்த ஆணையரே. ரயில்வேயின் செல்வாக்குக்கு உள்படாமல் செயல்பட வேண்டும் என்பதற்காக அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் அல்லாமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. விமான விபத்துகளுக்கும் தனி புலனாய்வு அமைப்பு உள்ளது.

சாலைப் பாலங்களுக்கு இத்தகைய நிரந்தர, சுதந்திரமான அமைப்பு இல்லை. ஒப்பந்தம் வழங்கும் துறையே பணியை ஏற்றுச் சான்றளிக்கிறது. பராமரிப்புக்கும் அதுவே பொறுப்பு. விபத்து நேர்ந்தால் முதல்கட்ட விசாரணையையும் பெரும்பாலும் அத்துறையின் மூத்த பொறியாளர்களே நடத்துகின்றனர். மேற்பார்வைக்கு ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டாலும், அதற்கு ஊதியம் வழங்குவது பொதுவாக அதே துறைதான். பொறுப்பு கீழ்நிலைப் பொறியாளரோடு நின்றுவிடுவதற்கு இந்த அமைப்புமுறையே முக்கியக் காரணம்.

தனி ஆணையம் இருப்பதால் மட்டுமே விபத்துகள் நின்றுவிடும் என்பதில்லை. மிசோரம் மாநிலம் சாய்ராங் அருகே 2023 ஆகஸ்டில் ரயில் பாலக் கட்டுமானத்தின்போது நிகழ்ந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆயினும், திறப்பதற்கு முன் வெளியார் ஒருவரின் ஒப்புதல் கட்டாயமாக இருந்திருந்தால், மோர்பி பாலம் அந்த நிலையில் திறக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வி எழுகிறது.

இரு எச்சரிக்கைகள், இரு முடிவுகள்

குஜராத்தின் வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைத்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று இடிந்து வாகனங்கள் மகிசாகர் ஆற்றில் விழுந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 40 ஆண்டுகள் பழமையான அப்பாலத்தின் நிலை குறித்து 2022-ஆம் ஆண்டிலேயே உள்ளூர் மக்கள் பிரதிநிதி எழுத்துமூலம் எச்சரித்திருந்தார். போக்குவரத்து நிறுத்தப்படவில்லை. விபத்துக்குப் பின்னர் பொறியாளர்கள் நால்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

கேரளத்தின் கொச்சியில் நடந்தது வேறு. 2016 அக்டோபரில் திறக்கப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலத்தில் விரிசல்கள் கண்டறியப்பட்டதால், 2019 மே மாதம் அது மூடப்பட்டது. சென்னை ஐஐடி வல்லுநர்கள் உள்ளிட்டோர் ஆய்வு செய்தனர். உச்சநீதிமன்ற அனுமதிக்குப் பின் மறுகட்டுமானம் செய்யப்பட்டு 2021 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுமான முறைகேடு வழக்கில் பொதுப்பணித் துறையின் முன்னாள் செயலரும் முன்னாள் அமைச்சரும் கைது செய்யப்பட்டனர். அப்பாலத்தால் ஓர் உயிர்கூடப் பறிபோகவில்லை.

குடிமக்களுக்கு உள்ள வழி

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையோடு, அரசுப் பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தப்பட்ட பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் வகை செய்கிறது. ஒரு பாலம் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, அந்த ஆய்வில் கண்டறியப்பட்டவை என்ன, சுமை சோதனையின் முடிவு என்ன, குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்க வேண்டிய காலம் எதுவரை, பணி நிறைவுச் சான்றில் கையொப்பமிட்டவர் யார் ஆகிய கேள்விகளைப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம்.

பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் எனில் 48 மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். இவ்வாறு பெறப்படும் ஆவணங்களும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் அளிக்கப்படும் எழுத்துப்பூர்வப் புகார்களும், ஆபத்து குறித்துத் தெரியாது என்ற வாதத்தைப் பின்னாளில் முறியடிக்கும் சான்றுகளாக அமையக்கூடும்.