காப்பிக்கடை முதல் லைம் தெரு வரை: கப்பல்காரர்கள் இடம் மாறிய கதை

லண்டன் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது டவர் தெரு. அங்கிருந்து தேம்ஸ் ஆற்றுத் துறையும் சுங்க நிலையமும் நடந்துபோகும் தூரம்தான். அந்தத் தெருவில் எட்வர்டு லாயிட் நடத்திய காப்பிக்கடையைப் பற்றிய முதல் அச்சுக் குறிப்பு 1688-ஐச் சேர்ந்தது. அதில் கப்பல் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. டார்பி ஊர்க்காரர் ஒருவர் ஐந்து கடிகாரங்களைப் பறிகொடுத்திருந்தார். துப்புக் கொடுப்பவர் லாயிட் கடையில் சொன்னால் ஒரு கினி பரிசு என்று 'லண்டன் கெஜட்'டில் விளம்பரம் போட்டார். லாயிட்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை ஒரு திருட்டு விளம்பரத்தின் வழியாகத்தான் வரலாற்றுக்குள் நுழைகிறது.

அந்தக் காலத்து லண்டனில் ஒரு பென்னி கொடுத்துக் காப்பிக்கடைக்குள் போனால் காப்பியோடு ஊர்ச்சேதியும் கிடைக்கும். ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு கடை இருந்தது. பங்குத் தரகர்கள் 'ஜோனதன்' கடையில் கூடினார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்வரும் கப்பல்களோடு தொடர்புடையவர்களுக்கு 'ஜெருசலேம்' கடை. சென்னைப் பட்டணத்துக்குப் போன கப்பலின் சேதி வேண்டுமானால் அங்கேதான் விசாரிக்க வேண்டும். லாயிட் கடை ஆற்றோரத்தில் இருந்ததால் கப்பல் முதலாளிகளும் தலைவர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். லாயிட் காப்பீட்டுத் தொழிலில் இறங்கியவர் அல்லர். வந்தவர்களுக்குக் காப்பி, மேசை, மை, காகிதம், எல்லாவற்றையும்விட முக்கியமாக நம்பத்தகுந்த சேதி, இவற்றைக் கொடுத்தார். அவருடைய சரக்கு அவ்வளவுதான்.

1691-இல் கடை லொம்பார்டு தெருவுக்கு மாறியது. ஆற்றை விட்டு விலகிப் போனது முதல் பார்வைக்குப் பிழையாகத் தோன்றலாம். ஆனால் தலைமைத் தபால் நிலையம் 1678 முதல் அந்தத் தெருவில்தான் இருந்தது. வங்கிக்காரர்களும் பெருவணிகர்களும் அதைச் சுற்றியே இருந்தார்கள். துறையில் நிற்கும் கப்பலைக் கண்ணால் பார்ப்பதைவிட, தூரத்தில் இருக்கும் கப்பலைப் பற்றிய கடிதம் முதலில் கைக்கு வருவது லாபம். வாடிக்கைக்காரர்களும் லாயிட்டோடு லொம்பார்டு தெருவுக்கு வந்தார்கள்.

புதுக் கடையில் பிரசங்க மேடை மாதிரி உயரமான ஒரு மேடை இருந்தது. கடிதம் வந்ததும் ஓர் ஊழியர் மேலே ஏறி உரக்க வாசிப்பார். ஏலமும் நடக்கும். ஓர் அங்குல உயர மெழுகுவத்தியை ஏற்றிவைப்பார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாக விலை கேட்டவருக்குக் கப்பல் சொந்தம். 1696 செப்டம்பரில் லாயிட் 'லாயிட்ஸ் நியூஸ்' என்று ஒரு சிறு தாளை அச்சிடத் தொடங்கினார். நாடாளுமன்றப் பிரபுக்கள் சபை பற்றி அதில் வந்த ஒரு செய்தி தவறு என்று சபை கண்டித்தது. திருத்தம் போடுவதைவிடத் தாளையே நிறுத்திவிடலாம் என்று லாயிட் முடிவு செய்தார். 1697 பிப்ரவரியோடு அது நின்றது.

காப்பீடு நடந்த முறை எளிமையானது. தரகர் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவார். சீட்டின் மேலே கப்பலின் பெயர், தலைவர் பெயர், சரக்கு, புறப்படும் துறை, சேரும் துறை. பணம் படைத்த ஒருவர் அதைப் படிப்பார். கப்பல் பழசா புதுசா, தலைவன் குடிகாரனா, வழியில் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல்கள் உண்டா என்று விசாரிப்பார். சம்மதமானால் சீட்டின் அடியில் தன் பெயரையும், எவ்வளவு தொகைக்குத் தான் பொறுப்பு என்பதையும் எழுதுவார். அடுத்தவர் அதற்குக் கீழே எழுதுவார். முழுத் தொகையும் நிரம்பும்வரை சீட்டு சுற்றும். கப்பல் கரை சேர்ந்தால் பிரீமியம் அவர்களுக்கு. மூழ்கினால் அவரவர் எழுதிய பங்கை அவரவர் சொந்தச் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். 'அடியில் எழுதுபவர்' என்பதே ஆங்கிலத்தில் காப்பீட்டாளருக்குப் பெயராகிவிட்டது.

அந்தச் சீட்டுகளில் சரக்கு என்று எழுதப்பட்டதில் மனிதர்களும் உண்டு. அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல்கள் பல இந்தச் சந்தையில் காப்பீடு பெற்றன. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்தால் லாயிட் கடையில் தகவல் சொல்லலாம் என்ற விளம்பரங்களும் அக்காலத்தில் வந்தன. 2020-இல் லாயிட்ஸ் நிறுவனம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. கேட்க எடுத்துக்கொண்ட காலம் மிக நீளம்.

லாயிட் 1713-இல் இறந்தார். கடை தலைமைப் பணியாளரும் மருமகனுமான வில்லியம் நியூட்டனுக்குப் போய், பிறகு கை மாறிக்கொண்டே இருந்தது. 1720-இல் வந்த ஒரு சட்டம் இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும் கடல் காப்பீட்டு உரிமை கொடுத்தது. வேறு கூட்டு நிறுவனம் எதுவும் அதைச் செய்யக் கூடாது. தனியாளுக்குத் தடை இல்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தனியாட்கள்! அவர்களை ஒழிக்க வேண்டிய சட்டம் போட்டி குறைந்த சந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டது. 1734-இல் 'லாயிட்ஸ் லிஸ்ட்' என்ற கப்பல் செய்தித்தாள் தொடங்கியது.

பணம் சேர்ந்த இடத்தில் சூதும் சேர்ந்தது. நோயில் கிடக்கும் பிரமுகர் பிழைப்பாரா, சிறைப்பட்டவர் வெளியே வருவாரா என்பதற்கெல்லாம் பாலிசி எழுதினார்கள். ஷெவாலியே தேயோன் என்ற பிரெஞ்சுத் தூதர் ஆணா பெண்ணா என்பதன்மேல் லண்டனில் கட்டிய பந்தயம் நீதிமன்றம்வரை போனது. சம்பந்தமே இல்லாதவர் இன்னொருவரின் உயிர்மேல் பாலிசி எடுக்க முடியாமல் 1774-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, நேர்மையாகக் கப்பல் காப்பீடு செய்தவர்களுக்குக் கடையின்மேல் வெறுப்பு வந்துவிட்டது. இடம் வேறு போதவில்லை. கடை இன்னொருவருடையது, யார் உள்ளே வரலாம் என்று சொல்ல வாடிக்கைக்காரருக்கு அதிகாரம் இல்லை.

1769-இல் தாமஸ் ஃபீல்டிங் என்ற பணியாளரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வெளியேறினார்கள். பக்கத்திலேயே போப்ஸ் ஹெட் சந்தில் 'புது லாயிட்ஸ் காப்பிக்கடை' திறந்தது. கொஞ்ச காலம் பழைய கடையும் புதுக் கடையும் எதிரெதிராக நடந்தன. இரண்டும் போட்டிக்கு ஆளுக்கொரு செய்தித்தாளை அச்சிட்டன. துறைமுகங்களிலிருந்து சேதி எழுதியவர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கம்தான் வெற்றி. அவர்கள் புதுக் கடைக்குப் போனார்கள். பழைய கடை மெல்லத் தேய்ந்து மறைந்தது.

ஆனால் போப்ஸ் ஹெட் சந்தும் நெருக்கடியான இடம். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கேயும் கடை ஒருவருக்குச் சொந்தம் என்பதுதான். 1771 டிசம்பரில் 79 பேர் ஆளுக்கு 100 பவுண்டு போட்டார்கள். ஒன்பது பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து, இடம் பார்க்கும் வேலையை அதனிடம் விட்டார்கள். லாயிட்ஸின் பிறந்த ஆண்டு 1688 என்று சொல்வது வழக்கம். இந்த 7,900 பவுண்டு சேர்ந்த நாளைச் சொல்வதே பொருத்தம். அதுவரை வாடிக்கைக்காரர்களாக இருந்தவர்கள் அன்றுதான் சந்தைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

குழு சரியான இடம் கிடைக்காமல் திண்டாடியது. கடைசியில் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகர் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மாடியில் காலியாக இருந்த அறைகளைப் பேசி முடித்தார். 1774 மார்ச்சில் குடியேறினார்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த இந்த ஆங்கர்ஸ்டைன் சேர்த்துவைத்த 38 ஓவியங்களை 1824-இல் பிரிட்டிஷ் அரசு வாங்கியது. லண்டன் தேசிய ஓவியக்கூடம் அவற்றோடுதான் தொடங்கியது. ராயல் எக்ஸ்சேஞ்சில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் அனுமதி என்ற விதி வந்தது. 1779-இல் பாலிசிக்கு ஒரே வாசகம் முடிவானது. அதன் பழைய ஆங்கிலத்தை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மாற்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நீதிமன்றம் பொருள் சொல்லியாகிவிட்டதால் தொடவே பயந்தார்கள்.

இதே கூட்டத்திலிருந்து கிளைத்த இன்னொரு அமைப்பில் கப்பல் முதலாளிகளின் குறை வெளிப்படையாக வெடித்தது. கப்பல்களின் தரத்தைச் சொல்லும் பதிவேடு ஒன்றைக் காப்பீட்டாளர்கள் 1760-இல் அமைத்த சங்கம் வெளியிட்டுவந்தது. கப்பலின் உடலுக்கு ஓர் எழுத்து, பாய், கயிறு, நங்கூரம் ஆகியவற்றுக்கு இன்னொரு குறி. முதல் தரத்தை 'ஏ-ஒன்' என்று சொல்லும் வழக்கு அங்கிருந்துதான் உலகமெல்லாம் போனது. 1797-இல் அந்தச் சங்கம் கப்பல் எந்த ஊரில் கட்டப்பட்டது என்பதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்கத் தொடங்கியது. தேம்ஸ் கரையில் கட்டியவற்றுக்கு யோகம். மற்ற ஊர்க் கப்பல்களுக்குத் தரம் இறங்கியது. தரம் இறங்கினால் பிரீமியம் ஏறும், சரக்குக் கிடைக்காது. கொதித்துப்போன முதலாளிகள் 1799-இல் தங்களுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கினார்கள். காப்பீட்டாளர்களுடையது 'பச்சைப் புத்தகம்', முதலாளிகளுடையது 'சிவப்புப் புத்தகம்'. ஒரே கப்பலுக்கு இரண்டு புத்தகத்திலும் இரண்டு தரம் இருந்தால் யாரை நம்புவது? முப்பது ஆண்டுக்கு மேல் சண்டை போட்டு இரு தரப்பும் திவாலாகும் நிலைக்கு வந்தபின், 1834-இல் ஒன்று சேர்ந்தார்கள். புதுக் குழுவில் வணிகர், கப்பல் முதலாளி, காப்பீட்டாளர் மூன்று தரப்புக்கும் இடம் ஒதுக்கினார்கள். இன்றைய 'லாயிட்ஸ் ரெஜிஸ்டர்' அதுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் காப்பீட்டுச் சந்தைக்கும் அதற்கும் நிர்வாகத்தில் தொடர்பு இல்லை.

1838 ஜனவரி 10 இரவு ராயல் எக்ஸ்சேஞ்ச் எரிந்தது. தீ பிடித்தது லாயிட்ஸின் அறையில்தான். கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துகிடந்ததால் அணைக்க முடியவில்லை. ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனாலும் தொழில் நிற்கவில்லை. கிழக்கு நாட்டுக் கப்பல்காரர்களின் ஜெருசலேம் காப்பிக்கடையில் தற்காலிகமாக ஒண்டிக்கொண்டு, பிறகு சவுத் சீ மாளிகைக்குப் போனார்கள். புதிதாகக் கட்டிய ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு 1844-இல் திரும்பினார்கள்.

அங்கே சேர்ந்த ஒரு பொருள் அதன்பின் எல்லா இடமாற்றத்திலும் கூடவே போயிருக்கிறது. 'லூட்டீன்' என்ற கப்பல் 1799 அக்டோபரில் பொன்னும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு டச்சுக் கரையருகே மூழ்கியது. லாயிட்ஸ்காரர்கள் முழு இழப்பையும் கொடுத்தார்கள். கப்பலின் மணி 1858-இல் கடலடியிலிருந்து கிடைத்தது. காணாமல்போன கப்பல் மூழ்கியது உறுதியானால் அந்த மணியை ஒருமுறை, பத்திரமாக வந்துசேர்ந்தால் இரண்டு முறை அடிப்பார்கள். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சேதி தெரிய வேண்டும், யாரும் முந்திக்கொண்டு லாபம் பார்க்கக் கூடாது என்பது அந்த மணியோசையின் வேலை. இப்போது சடங்குகளுக்கு மட்டும் ஒலிக்கிறது.

பிற்கால இடமாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1928-இல் லெடன்ஹால் தெருவில் சொந்தக் கட்டடம். 1958-இல் லைம் தெருவில் இன்னொன்று. 1986-இல் ரிச்சர்டு ரோஜர்ஸ் வடிவமைத்த, குழாய்களும் மின்தூக்கிகளும் வெளிப்புறத்தில் தொங்கும் கட்டடம். இது 1928 கட்டடம் நின்ற மனையில் எழுந்தது. பழைய நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். ராபர்ட் ஆடம் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் மாளிகைக்குச் செய்த உணவறையை 1958 கட்டடத்துக்காக வாங்கியிருந்தார்கள். அதையும் பெயர்த்துக் கொண்டுவந்து புதுக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் பொருத்தினார்கள்.

'லாயிட்ஸ் லிஸ்ட்' 2013 டிசம்பரில் காகிதத்தை விட்டு முழுவதும் இணையத்துக்குப் போனது. 2020 மார்ச்சில் கொரோனாவால் காப்பீட்டுக் கூடம் மூடப்பட்டது. தரகர்கள் வீட்டிலிருந்தே கணினி வழியாகச் சீட்டை நிரப்பினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி கூடம் மறுபடி திறந்தது. காப்பீட்டாளர்கள் உட்காரும் மேசைக்கு இன்றும் 'பெட்டி' என்றுதான் பெயர். காப்பிக்கடையின் உயர்முதுகு பெஞ்சுத் தடுப்புகளிலிருந்து வந்த சொல் அது. நீண்ட கோட்டு அணிந்த ஊழியர்களை இன்றும் 'வெயிட்டர்' என்றே அழைக்கிறார்கள். கப்பல் ஒன்று மூழ்கினால் அதன் பெயரை இழப்புப் புத்தகத்தில் இறகுப் பேனாவால் எழுதிவைக்கிறார்கள்.