தஞ்சையும் கிறிஸ்தவக் காதல் நாவல்களும்

கிறிஸ்தவக் காதல் நாவல் என்பது காதலையும் இறைநம்பிக்கையையும் ஒரே கதையில் இணைத்துச் சொல்லும் புனைவு வகை. ஆங்கிலத்தில் இது தனிப் பதிப்புத்துறையாகவே வளர்ந்துள்ளது. தமிழில் அப்படி ஒரு தனி வகை உருவாகவில்லை. ஆனால் தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே காதலும் கிறிஸ்தவமும் ஒன்றையொன்று தொட்ட படைப்புகள் உண்டு. அவற்றில் முக்கியமானவை தஞ்சையோடும் காவிரிப் படுகையோடும் தொடர்புடையவை. வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879), அ. மாதவையாவின் கிளாரிந்தா (1915) ஆகிய மூன்றும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் முதலாவது நாவல் அல்ல, சிற்றிலக்கியம். எனினும் பின்னால் வந்த கதைகளைப் புரிந்துகொள்ள அதிலிருந்து தொடங்குவது அவசியம்.

== பின்புலம் ==

1706-ல் பர்த்தலோமேயு சீகன்பால்கு டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1712-ல் அங்கு அச்சகம் வந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் தேம்பாவணியையும் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். இவ்வாறு தமிழ் உரைநடையும் அச்சும் கிறிஸ்தவமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இப்பகுதியில் வேர்கொண்டன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதியின் மையமான கிறிஸ்தவ ஆளுமை கிறிஸ்டியன் பிரெடெரிக் ஷ்வார்ட்ஸ் (1726-1798). ஜெர்மானியரான இவர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சியில் பணியாற்றிய பின் தஞ்சையில் நிலைகொண்டார். மராட்டிய அரசவையில் மதிப்புப் பெற்றிருந்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜிக்கு இளமையில் பாதுகாவலராக இருந்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டி அவர் பெயரில் உள்ள ஆலயத்தில், சரபோஜி வரவழைத்த பளிங்குச் சிற்பத்தை இன்றும் காணலாம். அது ஆங்கிலச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. இக்கட்டுரையில் பேசப்படும் மூன்று படைப்புகளில் இரண்டு ஷ்வார்ட்ஸின் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடையவை.

== பெத்லகேம் குறவஞ்சி: காதல் ஓர் உருவகம் ==

வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவயதில் ஷ்வார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு அவரிடம் கல்வி கற்றார். சரபோஜியும் அவரும் இளமை நண்பர்கள். சரபோஜி காலத்துத் தஞ்சையில் குறவஞ்சி மிகவும் விரும்பப்பட்ட வடிவம். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டு வந்தது.

குறவஞ்சியின் கதை எளியது. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்கிறாள். நிலவும் தென்றலும் அவளை வாட்டுகின்றன. அவள் தோழியைத் தூது அனுப்புகிறாள். குறத்தி வந்து கைபார்த்து, தலைவன் வருவான் என்று குறி சொல்கிறாள். சாஸ்திரியார் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவன் இயேசு கிறிஸ்து. தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவகம். குறி சொல்பவள் விசுவாசம். வழக்கமான குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிப்பான், இங்கு மீன் பிடிக்கிறான். சீடர்கள் மனிதரைப் பிடிப்பவர்கள் ஆவார்கள் என்னும் விவிலியக் கருத்து அதில் பொதிந்துள்ளது.

இறைவனைக் காதலனாகப் பாடுவது தமிழுக்குப் புதிது அல்ல. ஆழ்வார்களும் நாயன்மார்களும் அமைத்த வழி அது. விவிலியத்தின் உன்னதப்பாட்டும் கிறிஸ்தவ மரபில் அவ்வாறே வாசிக்கப்பட்டது. சாஸ்திரியார் இரண்டையும் தஞ்சை மேடையில் இணைத்தார். ஆனால் இக்காதலில் சிக்கல் எதுவும் இல்லை. தலைவி உருவகம் என்பதால் அவளுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, இழப்பதற்கும் எதுவும் இல்லை. ரத்தமும் சதையுமான ஒரு பெண் காதலுக்கும் நம்பிக்கைக்கும் நடுவே நிற்கும் கதைக்கு நாவல் என்னும் வடிவம் தேவைப்பட்டது.

== பிரதாப முதலியார் சரித்திரம்: கிறிஸ்தவர் எழுதிய காதல் கதை ==

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) திருச்சிக்கு அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாகப் பணியாற்றினார். பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1879-ல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவலாகக் கருதப்படுகிறது.

நாவலின் அடிப்படை ஒரு காதல் கதை. செல்வக் குடும்பத்துப் பிள்ளையான பிரதாபனும் உறவுப்பெண்ணான ஞானாம்பாளும் சேர்ந்து வளர்ந்து, சேர்ந்து கற்கிறார்கள். திருமணப் பேச்சு நடக்கும்போது, மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதில் பெரியவர்கள் பிணங்குகிறார்கள். பேச்சு முறிகிறது. பல தடைகளைக் கடந்தே திருமணம் நடக்கிறது. பின்னர் இருவரும் பிரிய நேர்கிறது. பிரதாபன் விக்கிரமபுரி என்னும் ஊரில் முறைகேடான நீதியால் சிறைப்படுகிறான். ஆண் வேடத்தில் அவனைத் தேடிச் செல்லும் ஞானாம்பாளுக்கு யானை மாலையிடுகிறது. அவள் அந்நாட்டின் அரசனாக ஆட்சி செய்து கணவனை மீட்கிறாள்.

நாட்டார் கதை, நகைச்சுவை, அறவுரை எல்லாம் கலந்த நாவல் இது. கிளைக்கதைகள் மையக்கதையை அடிக்கடி மறைத்துவிடுகின்றன என்பது இதன்மேல் வைக்கப்படும் விமர்சனம். ஆனால் கணவனைவிட அறிவும் துணிவும் கொண்டவளாக நாயகி படைக்கப்பட்டிருப்பது அக்காலத்தில் புதுமை. பெண்கல்விக்காகத் தனி நூல் எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. ஞானாம்பாள் அந்தக் கருத்தின் கதைவடிவம்.

இந்நாவலில் மதமாற்றம் இல்லை. மையப் பாத்திரங்கள் தொண்டைமண்டல முதலியார் குடும்பத்து இந்துக்கள். கடவுள் என்ற பொதுச்சொல்லே பெரிதும் புழங்குகிறது. சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடிய ஆசிரியரின் மனப்போக்குக்கு இது பொருந்துவது. ஒருவனுக்கு ஒருத்தி, சோதனையில் தளராமை, தவறியவனை மன்னித்தல் ஆகிய விழுமியங்கள் நாவல் முழுக்க உள்ளன. அவை கிறிஸ்தவ விழுமியங்களா, தமிழ் அறநூல் மரபின் விழுமியங்களா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்திருக்கின்றன. அவருடைய அடுத்த நாவலான சுகுண சுந்தரி (1887) அரசகுடும்பக் கதை. அதுவும் இதே போக்கைக் கொண்டது.

== கிளாரிந்தா: வரலாறு ==

1770-கள் தஞ்சைக்குக் கொந்தளிப்பான காலம். 1773-ல் ஆர்க்காட்டு நவாப் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சையைக் கைப்பற்றினார். 1776-ல் துளஜாஜியிடம் அரசு திரும்ப அளிக்கப்பட்டது. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் தஞ்சையில் நடமாடிய அக்காலத்தில்தான் கிளாரிந்தாவின் கதை தொடங்குகிறது.

கிளாரிந்தா தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய பிராமணப் பெண். இளம்வயதில் கணவரை இழந்தவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரை உடன்கட்டை ஏறுவதிலிருந்து மீட்டார் என்பது திருநெல்வேலித் திருச்சபை மரபில் வழங்கிவரும் செய்தி. அவருடன் கிளாரிந்தா வாழ்ந்தார். ஆங்கிலமும் கிறிஸ்தவத்தின் அடிப்படைகளும் அவரிடமிருந்தே கிளாரிந்தாவுக்குக் கிடைத்தன. கிளாரிந்தா திருமுழுக்கு வேண்டி ஷ்வார்ட்ஸை அணுகினார். திருமணமின்றி ஒருவருடன் வாழும் பெண்ணுக்குத் திருமுழுக்கு அளிக்க இயலாது என்று ஷ்வார்ட்ஸ் மறுத்தார்.

லிட்டில்டன் பாளையங்கோட்டையில் இறந்தார். அதன் பின்னர் 1778-ல் அங்கு வந்த ஷ்வார்ட்ஸ் கிளாரிந்தாவுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் உள்ளன. முதல் பெயர் கிளாரிந்தா. அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785-ல் ஷ்வார்ட்ஸால் அர்ப்பணிக்கப்பட்டது. சபைக்கு உபதேசியார் வேண்டும் என்று கேட்க அவர் தஞ்சைக்குப் பயணம் செய்தார். தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்ட சத்தியநாதன் பின்னர் 1790-ல் குருப்பட்டம் பெற்று அச்சபையை வளர்த்தார்.

கிளாரிந்தா கட்டிய ஆலயத்தை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்தனர். அவரை வெளியே தள்ளிய சாதியின் பெயரே அவர் நினைவாக நிலைத்தது. அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மிஷனரிகளின் குறிப்புகள் வழியாகவே கிடைக்கின்றன. அவற்றில் அவர் திருமுழுக்கு மறுக்கப்பட்டவராகவும் பின்னர் கொடையாளியாகவும் தோன்றுகிறார். அவர் என்ன நினைத்தார், யாரை எப்படி நேசித்தார் என்பது அவற்றில் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாவல் பிறந்தது.

== கிளாரிந்தா: நாவல் ==

அ. மாதவையா (1872-1925) திருநெல்வேலிக்கு அருகே பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, உப்பு-ஆயத்தீர்வைத் துறையில் பணியாற்றினார். பத்மாவதி சரித்திரம், முத்துமீனாட்சி ஆகிய நாவல்களில் குழந்தைத் திருமணத்தையும் விதவைகளின் துயரத்தையும் எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். 1915-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த கிளாரிந்தா அவருடைய வரலாற்று நாவல். பின்னாளில் சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

நாவல் தஞ்சை மராட்டிய அரசின் சூழலில் தொடங்குகிறது. கல்வியறிவும் கேள்வி கேட்கும் மனமும் கொண்ட பெண், தான் விரும்பாத திருமணத்தில் சிக்குகிறாள். கணவன் இறந்ததும் சிதைக்கு இழுக்கப்படுகிறாள். மீட்கப்பட்டவளுக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. அவளுக்கும் லிட்டில்டனுக்கும் இடையே வளரும் அன்பு, இரு சமூகங்களின் ஒப்புதலும் இல்லாத அன்பு. ஷ்வார்ட்ஸும் நாவலில் ஒரு பாத்திரம்.

நாவல் எழுப்பும் கேள்வி கூர்மையானது. கிளாரிந்தாவுக்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தது அவள் காதல். அவளைத் திருச்சபைக்கு வெளியே நிறுத்தியதும் அதே காதல். காதலன் இறந்த பிறகே அவளுக்குக் கதவு திறக்கிறது. மறுத்த பாதிரியார் கொடியவர் அல்லர், தம் நெறிக்கு உண்மையாக இருந்தவர். அந்தப் பெண்ணும் பிழை செய்தவள் அல்லள். இரு தரப்பும் நேர்மையாக இருக்கும்போதே விலையைச் செலுத்துபவள் பெண்தான் என்பதை நாவல் காட்டுகிறது.

== பிற நாடுகளில் ==

அமெரிக்காவில் கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865-1947) இவ்வகை நாவல்களின் முன்னோடி. 1979-ல் வெளிவந்த கனடிய எழுத்தாளர் ஜேனட் ஓக்கின் லவ் கம்ஸ் சாஃப்ட்லி நவீனக் கிறிஸ்தவக் காதல் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த நாவல் அது. ஃபிரான்சின் ரிவர்ஸின் ரிடீமிங் லவ் (1991) விவிலியத்தின் ஓசியா நூலை அடியொற்றியது.

இந்நாவல்களில் பொதுவாகக் காதலும் நம்பிக்கையும் ஒன்றையொன்று நிறைவு செய்து திருமணத்தில் முடியும். வாசகர் அந்த ஆறுதலை நாடியே இவற்றைப் படிக்கிறார்கள். பிரதாப முதலியார் சரித்திரம் இந்த மகிழ்ச்சியான முடிவுக்கு நெருக்கமானது. கிளாரிந்தா அப்படி முடிவதில்லை. அதில் காதலின் முடிவு ஒரு கல்லறை, நம்பிக்கையின் தொடக்கம் ஓர் ஆலயம்.

== வாசிப்பு ==

இவ்வகைக் கதைகளைத் தமிழில் படிக்க விரும்புவோர் பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து தொடங்கலாம். மொழி பழையதாயினும் நகைச்சுவை இன்றும் புதிதாக உள்ளது. கிளைக்கதைகளைத் தனித்தனியாகவும் ரசிக்கலாம். ஞானாம்பாள் அரசாளும் பகுதி நாவலின் உச்சம். அடுத்ததாகக் கிளாரிந்தாவைப் படிப்பது பொருத்தமானது. ஷ்வார்ட்ஸின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொண்டு படித்தால் அதன் கனம் கூடும். பெத்லகேம் குறவஞ்சியை வாசிப்பதைவிடப் பாடலாகக் கேட்பது நல்லது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகின்றன.

== இலக்கிய இடம் ==

கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளை, மதம் குறுக்கிடாத இந்துக் குடும்பக் காதலை எழுதினார். இந்துவான மாதவையா, கிறிஸ்தவத்தை மையமாகக் கொண்ட காதலை எழுதினார். ஒருவர் மற்றவரின் வீட்டுக்குள் சென்று கதை சொன்னார் என்பதே தஞ்சையோடு தொடர்புடைய இந்தக் கதைமரபின் தனித்தன்மை. தன் சமயத்தின் வெற்றியைச் சொல்லும் நோக்கம் இருவருக்கும் இல்லை. அதனால் இரு நாவல்களிலும் சமயத்துக்கு முன்னால் பெண் நிற்கிறாள். ஞானாம்பாள் கற்பனைப் பெண் என்பதால் அவளுக்கு அரியணை கிடைத்தது. கிளாரிந்தா வாழ்ந்த பெண். அவருக்குக் கிடைத்தது ஒரு பதிவேட்டின் முதல் வரி.